சுங்கம் தவிர்த்த துறைமுகத்தில் நிலத்தின் விலை

சோழப் பேரரசருள் முதற் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்றொரு பெயர் வழங்கியது. கி.பி. 1070 முதல் 1120 வரை ஆண்ட அம்மன்னன், வணிகப் பண்டங்களின்மீது வாங்கப்பட்டு வந்த சுங்கத்தை நீக்கியமையால் இப்பெயர் பெற்றான் என்பர் வரலாற்றாசிரியர். அவனே 1086ஆம் ஆண்டில் நாட்டு நிலங்களை மீண்டும் அளப்பித்தான். இங்கிலாந்தில் வில்லியம் மன்னன் தன் புகழ்பெற்ற நிலக் கணக்கேட்டைத் தொகுப்பித்ததும் அதே ஆண்டில்தான். ஒரு கையால் சுங்கத்தை விட்ட அரசு, மறு கையில் நிலமளக்கும் கோலை எடுத்தது. இவ்விரண்டும் ஒரே திட்டத்தின் இரு கூறுகள் என வற்புறுத்த வேண்டுவதில்லை. ஆயினும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்து நோக்குவார்க்கு ஒரு வினா எழாமற் போகாது. பண்டத்தின்மீது வரி வேண்டா எனின், அரசின் பொருள் எங்கிருந்து வருதல் வேண்டும்? நிலத்திலிருந்து எனின், எந்த நிலத்திலிருந்து, எந்த அளவில், எந்த நியாயத்தால்?

இவ்வினாவை உலகறிய எழுப்பியவர் அமெரிக்கரான ஹென்றி ஜார்ஜ். 1839இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்த அவர் 1879இல் ‘முன்னேற்றமும் வறுமையும்’ என்னும் பொருள்படும் நூலை வெளியிட்டார். அந்நூலின் கருத்தைத் தமிழர் ஆராய்வதற்குச் சிங்கப்பூரினும் ஏற்ற களம் அரிது. 1819இல் ராஃபிள்ஸ் நிறுவிய நாள்தொட்டுச் சுங்கமில்லாத் துறைமுகமாக வளர்ந்த ஊர் அது. அவ்வூரில் சிராங்கூன் சாலையின் இரு மருங்கும் தமிழர் கடை வைத்து, மாடு வளர்த்து, செங்கல் சுட்டு, கோயில் எடுத்து வாழ்ந்த பகுதியே இன்று லிட்டில் இந்தியா எனப்படுகிறது. ஜார்ஜின் நூலைத் தேக்காவில் நின்று படித்தால், அதன் உண்மையும் குறையும் ஒருங்கே புலனாகும்.

நூலின் கருத்து

ஜார்ஜின் வாதம் சுருக்கமானது. செல்வம் பெருகும் நகரங்களிலேயே வறுமையும் பெருகுவது ஏன் என்பதே அவர் வினா. உழைப்பும் முதலும் சேர்ந்து ஆக்கும் செல்வத்தில் ஒரு பங்கு, உழையாமலும் முதலிடாமலும் இருக்கின்ற ஒருவர்க்குச் செல்கிறது. அவர் நிலவுடைமையாளர் என்பது அவர் விடை. மக்கள் வந்து குடியேறுகின்றனர், சாலை வருகிறது, சந்தை கூடுகிறது, கோயிலும் பள்ளியும் எழுகின்றன. இவற்றால் நிலத்தின் விலை ஏறுகிறது. ஏற்றத்தை உண்டாக்கியோர் பலர், பெறுவோர் சிலர். ஆதலின் கட்டடத்தின்மீதும் பண்டத்தின்மீதும் கூலியின்மீதும் வரி விதிப்பதை விட்டு, வெற்று நிலத்தின் மதிப்பின்மீது மட்டும் வரி விதித்தல் வேண்டும் என்றார். இதுவே ‘ஒற்றை வரி’ எனப் பெயர் பெற்றது.

இக்கருத்து தமக்குத் தோன்றிய வகையை அவரே எழுதியுள்ளார். 1870ஆம் ஆண்டளவில் கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் நகர்ப்புறத்தே குதிரையேறிச் சென்றவர், எதிர்ப்பட்ட வண்டிக்காரர் ஒருவரிடம் அங்கு நிலம் என்ன விலை என வினவினார். தொலைவில் எலிபோலச் சிறுத்துத் தோன்றிய பசுக்கள் மேய்ந்துகொண்டிருந்த இடத்தைச் சுட்டி, அங்கே ஏக்கர் ஆயிரம் டாலருக்கு விற்பார் ஒருவர் உளர் என்றார் வண்டிக்காரர். புல் மேயும் நிலத்துக்கு அவ்விலை புல்லால் வந்ததன்று; வரவிருக்கும் மக்களால் வந்தது. இதனை உணர்ந்த கணமே தம் நூலின் வித்து என ஜார்ஜ் கருதினார்.

லிட்டில் இந்தியாவின் தெருப்பெயர்கள் அறிந்தார்க்கு இந்நிகழ்ச்சி வியப்பளிக்காது. அங்கே பஃபலோ சாலை உண்டு. கெர்பாவ் சாலை உண்டு. முன்னது ஆங்கிலத்திலும் பின்னது மலாயிலும் எருமையையே குறிப்பன. ரோச்சோர் ஆற்றின் அருகே நீரும் புல்லும் மிக்க தாழ்நிலத்தில் மாட்டு வாணிகம் செழித்த காலத்தின் எச்சம் அப்பெயர்கள். மாடுகள் போய்விட்டன, சதுப்பு தூர்ந்தது, அருகிருந்த குதிரைப்பந்தயத் திடலும் 1933இல் புக்கித் தீமாவுக்குப் பெயர்ந்தது. 2003இல் வடகிழக்குப் பாதையின் பெருவிரைவு ரயில் நிலையமும், 2015இல் டௌன்டவுன் பாதையின் நிலையமும் அங்கே திறக்கப்பட்டன. எருமை நின்ற மண்தான் இன்றும் இருக்கிறது. அம்மண்ணில் ஒரு பிடியும் கூடவில்லை. கூடியது அதைச் சுற்றியுள்ள ஊர். ஜார்ஜின் நூலுக்கு இதனினும் தெளிவான உரை எழுதல் இயலாது.

இரு கடைகளின் கணக்கு

வரியின் நீதியை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரே தெருவில், ஒரே அகலமுள்ள இரு மனைகள் உள்ளன எனக் கொள்வோர், ஒன்றில் உரிமையாளர் தம் பணத்தைச் செலவிட்டுக் கூரை மாற்றி, மாடியைச் சீராக்கி, நல்ல கடையொன்று நடத்துகிறார் எனவும், மற்றொன்றை அதன் உரிமையாளர் பூட்டி வைத்து, விலையேற்றத்தை எதிர்நோக்கியிருக்கிறார் எனவும் கொள்க. கட்டடத்துடன் சேர்த்து மதிப்பிடும் வரி முறையில், உழைத்துச் சீராக்கியவர் மிகுதியாகவும் சும்மா இருந்தவர் குறைவாகவும் செலுத்துவர். நிலமதிப்பு வரியிலோ இருவரும் ஒரே தொகை செலுத்துவர். சீராக்கியவர்க்குத் தண்டனை இல்லை. பூட்டி வைத்தவர்க்குப் பரிசும் இல்லை.

இவ்வரியை உரிமையாளர் வாடகையில் ஏற்றிக் குடியிருப்போர் தலையில் கட்டிவிடுவார் அல்லரோ என்னும் ஐயம் இயல்பானது. அரிசிக்கு வரி விதித்தால் வணிகர் அதனை விலையில் சேர்ப்பர். அவ்வாறு சேர்க்க இயலாதாயின் அரிசி கொணர்வதைக் குறைப்பர்; வரத்துக் குறைய விலை ஏறும். நிலத்தில் இது நடவாது. வரி கூடிற்று என்பதற்காக மண் குறைவதில்லை. அக்கடை அந்த இடத்தில் ஈட்டக்கூடிய வருவாயே வாடகையின் எல்லையை முடிவு செய்கிறது. அந்த எல்லை வரையில் உரிமையாளர் முன்னமே வாங்கிக்கொண்டிருப்பார். ஆதலின் வரி அவர் பங்கிலிருந்தே போதல் வேண்டும். 1776இல் ஆடம் ஸ்மித் மனைவாடகையை வரிக்கு ஏற்ற பொருளெனக் கூறியதும், 1817இல் ரிக்கார்டோ வகுத்த வாடகைக் கோட்பாடும் இதனையே அரண் செய்கின்றன.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதற்கும் சிங்கப்பூரே சான்று. 1947இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், போருக்கு முற்பட்ட கட்டடங்களின் வாடகையை 1939ஆம் ஆண்டு நிலையில் நிறுத்தியது. 2001இல்தான் அச்சட்டம் முற்றும் நீங்கியது. இடைக்காலத்தில் உரிமையாளர் பெறும் வாடகை சிறிதாயிருந்தது. ஆயின் இடத்தின் மதிப்பு மறைந்துவிடவில்லை. ‘தேநீர்ப் பணம்’ என்ற பெயரில் புதுக் குடியினர் பழங்குடியினர்க்கு மறைவாகக் கொடுத்த தொகையாக அது வெளிப்பட்டது. உரிமையாளரிடமிருந்து நழுவிய பயன் முதலில் நுழைந்த வாடகையாளரிடம் தங்கிற்று. பின்வந்த கடைக்காரர்க்கும், ஓர் அறைக்குள் பலராய்ப் படுத்த தொழிலாளர்க்கும் அது எட்டவில்லை. இடத்தின் மதிப்பை ஆணையால் அழிக்க இயலாது. அது யார் கைக்குச் செல்லுதல் வேண்டும் என்பதையே சட்டம் தீர்மானிக்க முடியும். ஜார்ஜின் கருத்தில் மிக உறுதியான பகுதி இதுவே.

உறுபொருளும் உல்குபொருளும்

தமிழிலக்கியம் வரியைப் பற்றிப் பேசாதது அன்று. அறிவுடை நம்பி என்னும் பாண்டியனுக்குப் பிசிராந்தையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு, நெறியறிந்து வாங்கும் வரியை யானைக்குக் கவளமிட்டு ஊட்டுவதற்கும், நெறியறியாது வாங்கும் வரியை யானை தானே வயலிற் புகுந்து மிதிப்பதற்கும் ஒப்பிடும். பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்கம் கொண்டு புலிப்பொறி இட்ட காட்சியைக் காட்டும். எனினும் ஜார்ஜின் வினாவுக்கு நெருங்கிய இடம் திருக்குறளின் ‘பொருள் செயல்வகை’ அதிகாரமே. அங்கே வேந்தனுக்குரிய பொருள் மூவகைப்படுகிறது: உறுபொருள், உல்குபொருள், பகைவரிடம் பெறும் திறைப்பொருள்.

இவற்றுள் உல்கு சுங்கமாகும். உறுபொருளுக்குப் பரிமேலழகர் தரும் விளக்கம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. வைத்தவர் இறந்துபட நெடுங்காலம் நிலத்திற் கிடந்து பின்னர்க் கண்டெடுக்கப்பட்டதும், உரிமைத் தாயத்தார் இல்லாது நின்றதும் உறுபொருளாம் என்பது அவர் கருத்து. தனி ஒருவர் உழைப்புக்கோ உரிமைக்கோ உட்படாது வந்து சேர்ந்த பொருள் பொதுவுக்குரியது என்னும் நியாயம் இதனுள் அடங்கியிருக்கிறது.

ஊர் வளர்ச்சியால் வரும் நிலவிலை ஏற்றத்தை உறுபொருள் எனலாமா? உரையாசிரியர் அதனை எண்ணவில்லை. அவர் காலத்து மனைச்சந்தை இக்காலத்தது போன்றதன்று. ஆகவே வள்ளுவர் நிலமதிப்பு வரியை ஆதரித்தார் என்று எழுதுவது இலக்கியத்தின் வாயில் சொல் புகுத்துவதாகும். புதுக்கருத்து எதைக் கண்டாலும் அது நம் முன்னோர் நூலில் உண்டு என முடிக்கும் வழக்கம் ஆராய்ச்சிக்கு உதவாது. ஆனால் சொல்லை வளர்த்துக்கொள்ளும் உரிமை மொழிக்கு உண்டு. ஆங்கிலத்தார் ‘ஈட்டப்படாத ஏற்றம்’ என்று எதிர்மறையாற் கூறும் பொருளை, ‘உறுபொருள்’ என உடன்பாட்டுச் சொல்லால் தமிழ் கூற இயலும். வகுப்பறையில் அக்குறளை விளக்கும் ஆசிரியர்க்கு, புதையலினும் தெளிவான இக்கால எடுத்துக்காட்டு ஒன்றும் கிடைக்கும்.

நிலவரி என்னும் கசப்பு

ஈண்டு ஒரு தடை எழுகிறது. தமிழ்நாட்டு உழவரின் நினைவில் ‘நிலவரி’ என்பது நீதியின் பெயர் அன்று, துன்பத்தின் பெயர். தாமஸ் மன்றோ 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண ஆளுநராயிருந்த காலத்தில் இரயத்துவாரி முறை மாகாணமெங்கும் பரவியது. ஆங்கிலப் பொருளியலாரின் வாடகைக் கோட்பாடே பின்னர் அதற்குத் துணையாக எடுத்துக்காட்டப்பட்டது. செலவு போக எஞ்சும் நிகர விளைவில் அரசுக்குப் பாதி என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்துக் கொள்கையாயிற்று. ஏட்டில் அது வாடகைமீது விதித்த வரி. களத்திலோ நிகரம் இவ்வளவு என முடிவு செய்தவர் அதிகாரி. மழை பொய்த்தாலும் பணமாகக் கட்ட வேண்டியவர் உழவர். கிஸ்தி கட்டக் கடன் வாங்கி, கடனால் நிலமிழந்தோர் பலர். அவ்வாறு நிலமிழந்த குடும்பங்களின் மக்களுள் எத்துணையோ பேர் கப்பலேறி மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தனர்.

ஆகவே நிலத்துக்கு வரி என்று கேட்டவுடன் தமிழர் முகம் சுளிப்பின் அதில் வியப்பில்லை. ஆயினும் இரு வரிகளையும் வேறு பிரித்தறிதல் வேண்டும். இரயத்துவாரி வரி, உழைப்பின் விளைவோடு பிணைந்த வரி. அதனைச் செலுத்தியவர் பெரும்பாலும் உழுது பயிரிட்ட சிறுகுடியினர். நகர நிலமதிப்பு வரி உழைப்பைத் தொடுவதன்று. இடம் எங்கே உள்ளது என்பதை மட்டும் நோக்குவது. சிற்றூரின் வறண்ட புன்செய்க்கு அதன்படி வரி மிகச் சிறிது; கடைத்தெருவின் நடுமனைக்கு மிகப் பெரிது. ஆனால் மன்றோ காலத்துப் பாடம் ஒன்றை ஜார்ஜின் அன்பர்கள் மறக்கலாகாது. கோட்பாடு எத்துணை நேரியதாயினும், மதிப்பிடுவோர் தவறினால் நீதி கொடுமையாக மாறும். பிசிராந்தையாரின் யானை, சரியான பொருளியல் நூலைப் படித்துவிட்டு வயலுக்குள் வந்தாலும் பயிர் மிதிபடவே செய்யும்.

தமிழ்நாடு இவ்வழியில் ஒரு முயற்சி செய்தும் பார்த்தது. 1963இல் இயற்றப்பட்ட சென்னை நகர நிலவரிச் சட்டம் உயர்நீதிமன்றத்தில் நிலைபெறவில்லை. 1966இல் வேறொரு சட்டம் வந்தது. கட்டடத்தை விடுத்து நிலத்தின் சந்தை மதிப்பில் ஆண்டுதோறும் நூற்றுக்கு 0.4 பங்கு வரி என அது வகுத்தது. பக்கிங்காம் கர்நாடிக் ஆலையார் தொடுத்த வழக்கில், மாநிலம் இவ்வரி விதிக்கலாம் என 1969இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் நகரின் நிலவிலை ஆண்டுக்காண்டு ஏற, வரிக்குரிய மதிப்போ சட்டத்திற் குறித்த பழைய தேதியிலேயே நின்றது. அளவுகோலைக் காலத்துக்குக் காலம் எடுக்காத நிலவரி, பெயரளவில் எஞ்சுவதே இயல்பு. குலோத்துங்கன் தன் முன்னோரான இராசராசன் காலத்து அளவோடு அமையாது மீண்டும் அளப்பித்ததன் காரணம் இவ்விடத்தில் விளங்கும்.

சிங்கப்பூர் கண்ட வழி

சுங்கமில்லாத் துறைமுகம் நூறாண்டுக்கு மேல் எதைக்கொண்டு ஆட்சி நடத்தியது? விடை இனியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அரசின் வருவாயில் ஏறத்தாழப் பாதியை அபினிக் குத்தகையே அளித்தது. மூட்டை சுமந்த சீனக் கூலியாளரின் உடல்நோவும் மனச்சோர்வும் கருவூலத்தை நிரப்பின. அவர் இறக்கிய பண்டங்களால் விலையேறிய கரையோர நிலம் தனியார் கையில், நெடுங்காலக் குத்தகையாகவும் முழுவுரிமையாகவும் சென்றது. உறுபொருளை விட்டு நோயாளியிடம் வரி வாங்கிய ஆட்சி அது. வருமான வரி வந்ததே 1947இன் சட்டத்தால்தான்.

இந்நிலையை மாற்ற வேண்டும் என்னும் கருத்தும் அவ்வூரிலேயே முளைவிட்டது. சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் பாலஸ்டியர் சாலைக்கு அருகே வான் சிங் யுவான் என்னும் மாளிகை உளது. 1906இல் சுன் யாட்-சென் அங்கே தம் புரட்சிக் கழகத்தின் சிங்கப்பூர்க் கிளையைத் தொடங்கினார். 1905இல் தோக்கியோவில் அமைந்த அக்கழகத்தின் கொள்கைகளுள் ஒன்று நிலவுரிமையைச் சமன்செய்தல். ஜார்ஜின் நூலால் ஈர்க்கப்பட்டவர் சுன். நிலவுடைமையாளர் தம் நிலத்தின் மதிப்பைத் தாமே கூறுதல் வேண்டும். அதற்கு அரசு வரி வாங்கும். வேண்டின் அவ்விலைக்கே நிலத்தை வாங்கிக்கொள்ளும். பின்வரும் ஏற்றம் பொதுவுக்குரியது என்பது அவர் திட்டம். குறைத்துக் கூறினால் நிலம் போகும்; கூட்டிக் கூறினால் வரி கூடும். மதிப்பீட்டு அதிகாரியின் தவறுக்கு இஃது ஒரு நுண்ணிய மருந்து. தைவானில் நிலமதிப்பு வரியும் நில ஏற்ற வரியும் இன்றும் இருப்பது இக்கொள்கையின் வழிவந்தது.

தன்னாட்சி பெற்ற சிங்கப்பூர் வேறு வழியிற் சென்றது. மக்கட் பணத்தால் ஏற்பட்ட வளர்ச்சியின் பயன் தனி நிலவுடைமையாளர்க்குச் செல்லலாகாது என்னும் நெறியை லீ குவான் இயூ 1964இல் சட்டமன்றத்தில் எடுத்துரைத்தார். கூற்றளவில் இது ஜார்ஜின் குரலே. செயலளவில் அது வரியாக வரவில்லை. நிலம் கையகப்படுத்தும் சட்டமாக 1966இல் வந்தது. 1973இன் திருத்தம், எடுக்கப்படும் நிலத்துக்கு 1973 நவம்பர் 30இல் இருந்த விலை, அல்லது எடுக்கும் நாளின் விலை, இவற்றுள் குறைந்ததே ஈடு என வரையறுத்தது. அத்தேதி பின்னர்ப் பலமுறை மாற்றப்பட்டு, 2007இல்தான் அன்றாடச் சந்தை விலையே முழு ஈடு என ஆயிற்று. 1960இல் நிலப்பரப்பில் 44 விழுக்காடாயிருந்த அரசின் உடைமை 1985இல் 76 விழுக்காடாயிற்று. அந்நிலத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்கு வீடுகள் எழுந்தன, தொழிற்பேட்டைகள் எழுந்தன. கடலலை ஓரத்துக் குடிசையினும் கடைமாடி அறையினும் வாழ்ந்த பல்லாயிரவர் வீட்டுக்குரியோராயினர். இதன் பெருமையை மறுப்பார் எவரும் இலர்.

ஆயினும் நீதியின் நோக்கில் இம்முறையை ஆராய்தல் கடன். ஒரே சாலையில் அடுத்தடுத்து இரு மனைகள். ஒன்று பொதுப்பணிக்கு எடுக்கப்பட்டது. அதன் உரிமையாளர் பழைய விலை பெற்று நீங்கினார். மற்றொன்று எடுக்கப்படவில்லை. எடுத்த மனையில் எழுந்த சாலையாலும் நிலையத்தாலும் எஞ்சிய மனையின் விலை பன்மடங்காயிற்று. உறுபொருளை முற்றும் இழந்தவர் ஒருவர். தம்முடையதோடு அவர் பங்கையும் சேர்த்துப் பெற்றவர் மற்றொருவர். இருவரிடையே வேறுபாடு உழைப்பாலோ முயற்சியாலோ வந்ததன்று. வரைபடத்திற் சென்ற ஒரு கோட்டால் வந்தது. நிலமதிப்பு வரியாயின் இருவரிடமும் ஒரே அளவில் வாங்கியிருக்கும். பொதுநன்மை ஒன்றே, ஆயினும் சிலரிடம் முழுதும் எடுத்துப் பலரிடம் ஒன்றும் எடாது விடுவதினும், எல்லாரிடமும் அளவாக எடுப்பது முறைமைக்கு அணித்து. கவளத்துக்கும் மிதிப்புக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இக்குறையைச் சிங்கப்பூர் வேறு கருவிகளால் ஓரளவு நிரப்பியது. ஒரு நிலத்தின் பயன்பாட்டை மாற்றவோ உயரக் கட்டவோ இசைவு தரும்போது, அதனால் ஏறும் நிலமதிப்பில் ஒரு பங்கைக் கட்டணமாக வாங்கும் வழக்கம் நெடுநாளையது. 2007இல் அப்பங்கு 50 விழுக்காட்டிலிருந்து 70 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. 2022 ஆகஸ்டு முதல் நில மேம்பாட்டுக் கட்டணம் என்னும் பெயரில் தனிச்சட்டத்தின்கீழ் அது நடைபெறுகிறது. அரசு நிலங்கள் பெரும்பாலும் 99 ஆண்டுக் குத்தகைக்கே ஏலம் விடப்படுகின்றன. அவ்வருவாய் அந்தந்த ஆண்டிற் செலவிடப்படாமல் சேமிப்பிற் சேர்கிறது. சேமிப்பின் முதலீட்டு வருவாயில் பாதி வரை செலவுக்கு எடுக்கப்படுகிறது. நிலமதிப்பின் பெரும்பகுதியைப் பொதுவுக்கு ஈட்டிய நாடுகளுள் சிங்கப்பூர் முன்வரிசையில் நிற்பது என்பதில் ஐயமில்லை.

ஏற்பதும் விலக்குவதும்

இனி அரிசிக்கடைக்குத் திரும்பலாம். 1994இல் 3 விழுக்காடாகத் தொடங்கிய பொருள், சேவை வரி 2024 முதல் 9 விழுக்காடாக உள்ளது. அரிசிக்கும் பருப்புக்கும் விலக்கில்லை. ஆண்டு விற்பனை 10 இலட்சம் வெள்ளிக்கு உட்பட்ட சிறுகடைகள் இவ்வரியை வாங்கக் கடப்பாடில்லை என்பது மெய்; ஆயின் அவர்கள் வாங்கும் சரக்கில் அது முன்னமே ஏறியிருக்கும். வறிய குடிமக்களுக்கு உதவித்தொகையும் வழங்கப்படுகிறது. ஞாயிறு மாலையில் தேக்காவில் கூடும் தமிழகத் தொழிலாளிக்கு அவ்வுதவி இல்லை, அது குடிமக்களுக்குரியது. அவர் கட்டிய பாதையால் ஏறிய மனைவிலையில் அவருக்குப் பங்கில்லை. ஊருக்கு அனுப்பியது போக எஞ்சிய காசில் வாங்கும் சோப்பில் அவர் வரிப்பங்கு உண்டு. அதே வேளையில் குடியிருப்பு வீட்டின் விற்பனை பொருள், சேவை வரிக்கு உட்படுவதன்று. முத்திரைத் தீர்வை உண்டு. சொத்து வரியும் உண்டு. ஆனால் விலையேற்ற ஆதாயத்துக்குப் பொதுவான மூலதன ஆதாய வரி இல்லை. சொத்து வரியோ கட்டடத்தையும் சேர்த்த ஆண்டு மதிப்பின்மீது விதிக்கப்படுவது. வெற்று நிலத்துக்கு அதன் விலையில் 5 விழுக்காடு ஆண்டு மதிப்பு. அதில் 10 விழுக்காடு வரி. நிலவிலையில் இஃது அரை விழுக்காடே. பழைய சென்னைச் சட்டத்தின் 0.4 விழுக்காட்டுக்கு இது வெகு தொலைவில் இல்லை.

இதனால் ஜார்ஜின் நூல் முற்றும் ஏற்கத்தக்கது என முடித்தல் பொருந்தாது. ஒரே வரியால் அரசின் எல்லாச் செலவையும் தாங்கலாம் என்ற அவர் நம்பிக்கை, மருத்துவமும் கல்வியும் முதியோர் காப்பும் பெருகிய இக்காலத்துக்கு மிகை. நேர்மையாக உழைத்த பணத்தைக் கொடுத்து நேற்று மனை வாங்கியவரையும், நூறாண்டு முன் பெற்றவரையும் அவர் ஒரே தட்டில் வைத்தார். ஈடு வேண்டா என்றார். பழங்கடையொன்றை மரபுரிமையாகப் பெற்று, கையிற் காசின்றி அதிலேயே வாழும் முதிய கைம்பெண்ணை அவர் போதிய அளவு எண்ணவில்லை. அத்தகையோர்க்கு வரியை நிறுத்தி வைத்து, மனை கைமாறும்போது வாங்குதல் தக்க வழி. 1989இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்ட லிட்டில் இந்தியாவில் பழைய கடைவீடுகளை இடித்து உயரக் கட்டல் ஆகாது. கட்டக்கூடாத மாடிகளின் மதிப்புக்கு வரி விதித்தால், பூமாலைக் கடையும் மளிகைக் கடையும் அங்கே நில்லா. இசைவு பெற்ற பயனுக்கேற்ற மதிப்பே வரிக்கு அடிப்படையாதல் வேண்டும்.

இத்திருத்தங்களுடன் நோக்கின், நூலின் உயிர்க்கருத்து சேதமுறாமல் நிற்கும். வரிகளுள் ஏற்றத்தாழ்வு உண்டு. எல்லா வரியும் ஒரே தன்மையதன்று. சிலவரி உழைப்பைக் குறைக்கும். சிலவரி பசியைக் கூட்டும். நிலமதிப்பு வரி மண்ணைக் குறைக்காது, பயிரையும் மிதிக்காது. பொருள், சேவை வரியை ஒரு விழுக்காடு உயர்த்துவதா, மனைவிலையின் வரியை ஒரு சிறு பங்கு உயர்த்துவதா என்னும் தெரிவு ஓர் அரசின்முன் வரும்போது, பின்னதை முதலில் எண்ணிப் பார்த்தல் கடமை என்பதே ஜார்ஜிடமிருந்து கொள்ளத்தக்க பாடம்.

சுங்கம் தவிர்த்தது குலோத்துங்கனுக்குப் புகழ் தந்தது. அவன் அளவுகோலை எடுத்தது ஆராய்ச்சியாளரின் குறிப்புகளில் மட்டும் நிற்கிறது. மக்கள் மனத்தில் வரி நீக்கம் நிலைக்கும். அதனை இயலச் செய்த நில அளவை மறக்கப்படும். எருமைகளின் பெயர் தாங்கிய தெருக்களில் நடப்போர், அம்மண்ணின் விலையை ஏற்றியவர் யார் என ஒருமுறை கேட்டுக்கொள்வாராயின், மறந்த அளவுகோல் மீண்டும் கைக்கு வரும்.